பகிர்வு இமேஜிங் கருவி: பெயர்ப்பலகையில் இடம்பெறாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமெடுக்கும் பெட், ஸ்பெக்ட், எக்ஸ்ரேயால் உள்ளமைப்பைக் காட்டும் சிடி, ஒளி இமேஜிங் நான்கும் சேர்ந்த, சுண்டெலி போன்ற சிறுவிலங்குகளுக்கான கருவி எல்லா ஆய்வுக்குழுக்களின் பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. நிதி தந்தவர்களுக்கு முறைப்படி தனிக் கடிதம் போயிருக்கிறது. இது மற்றவர்களுக்கு.

விண்ணப்பத்துக்குக் கை கொடுத்த ஆய்வுக்குழுக்களே, "எங்களுக்கும் தேவை" என்று ஒற்றை வரியோடு நீங்கள் நிறுத்தவில்லை. ஆண்டுக்கு எத்தனை விலங்கு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஸ்கேன், எந்த ட்ரேசர் (உடலில் செலுத்தும் கதிரியக்கப் பொருள்), மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுத் தந்தீர்கள். பகிர்வுக் கருவி கேட்கும் விண்ணப்பம் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கட்டடப் பொறியாளர்கள் கருவியின் அளவை விட்டுவிட்டு, அது வரும் பெட்டியின் அளவை வைத்துக் கதவையும் லிஃப்டையும் அளந்தார்கள். எடை முழுவதும் நான்கு கால்களில் குவியும் என்பதால், சதுர மீட்டருக்கான சராசரிச் சுமையை மட்டும் பார்த்துத் தரைக்கு ஒப்புதல் தரவும் மறுத்தார்கள். அன்று எரிச்சலாக இருந்தது, மறுத்ததே சரி.

கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலருக்குத் தனி நன்றி. எக்ஸ்ரே அறைக்குப் பழகிய கண்ணுக்கு 2 மில்லிமீட்டர் ஈயம் தாராளம். பெட் ட்ரேசரிலிருந்து வரும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரைப் பாதியாக்கவே 4 மில்லிமீட்டருக்கு மேல் ஈயம் வேண்டும். சுவர் எழுப்பிய பிறகு இது தெரிந்திருந்தால் இடித்துத்தான் கட்டியிருக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள் இல்லையென்றால் படம் வந்திருக்கும், பொருள் இருந்திருக்காது. குளிரில் வைத்த சுண்டெலிக்கு எஃப்டிஜி (கதிரியக்கம் ஏற்றிய, சர்க்கரை போன்ற பெட் ட்ரேசர்) செலுத்தினால், உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு தோள்பட்டைகளுக்கு நடுவே படத்தில் பளிச்சென்று ஒளிரும். பக்கத்தில் கட்டி இருந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஊசிக்கு முன்பே 30 டிகிரி செல்சியஸில் விலங்கை வெதுவெதுப்பாக வைப்பது, மயக்கத்துக்கு ஐசோஃபுளுரேன் 3–4 சதவீதத்தில் தொடங்கி 1.5–2 சதவீதத்தில் நிலையாக வைத்திருப்பது, ஸ்கேன் முடியும்வரை சூட்டுப் படுக்கையை அணைக்காமல் இருப்பது எல்லாம் அவர்கள் எழுதித் தந்த முறை. வெளியேறும் வாயுவைப் பிடிக்கும் கரி உருளையை எடைபோடச் சொன்னதும் அவர்களே. 50 கிராம் கூடிவிட்டால் மாற்ற வேண்டும். மணத்தை நம்பினால் தலைவலி நமக்கு.

கதிர்மருந்துக் குழு நேரப்பட்டியலையே மாற்றி எழுதியது. எஃப்டிஜியில் உள்ள கதிரியக்க அணுவான ஃப்ளூரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிறது. காலையில் 0.1 மில்லியில் அடங்கிய அதே கதிரியக்க அளவுக்கு, இரண்டு மணி நேரம் தாமதித்தால் 0.2 மில்லிக்கு மேல் வேண்டியிருக்கும். 25 கிராம் சுண்டெலியின் வால் சிரையில் அதற்கு மேல் ஏற்றுவது நல்லதல்ல. பாதி வாலிலேயே கசிந்து நின்றுவிடும் அபாயமும் உண்டு. ஆகவே வாலும் படத்துக்குள் வரட்டும் என்றார்கள். கசிந்ததா இல்லையா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரே விலங்குக்கு இரண்டு ஸ்கேனும் வேண்டுமானால் ஸ்பெக்ட்டுக்கான கதிரியக்கப் பொருளான டெக்னீஷியம்-99எம் கொண்டு ஸ்பெக்ட் முதலில், பெட் பிறகு. வரிசை மாறினால் பெட்டின் 511 கதிர் சிதறி, டெக்னீஷியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைப் பதிவதற்கான ஆற்றல் வரம்புக்குள் புகுந்து படத்தைக் கலங்கடிக்கும்.

இயற்பியலாளர்கள் படுக்கையில் ஒரே தளத்தில் அமையாதபடி பதித்த குறிப்புள்ளிகளால்தான் பெட்டும் சிடியும் இன்று ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகின்றன. 2 மில்லிமீட்டர் கட்டிக்கு 1 மில்லிமீட்டர் விலகல் என்பது பாதிக் கட்டி. கணினிப் பிரிவினர் சேமிப்பகத்தை முன்கூட்டியே பெரிதாக்கித் தந்தார்கள். மூலத் தரவு ஒரு ஸ்கேனுக்கே கிகாபைட் கணக்கில் வருகிறது.

கடைசியாக, கூண்டு கழுவும் பணியாளர்கள். எஃப்டிஜியில் கணிசமான பங்கு சிறுநீரில்தான் போகிறது, அதனால் மரத்தூளும் கதிர்வீசும். ஃப்ளூரின் கூண்டு மறுநாள்வரை, டெக்னீஷியம் கூண்டு குறைந்தது மூன்று நாள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும்; அதன்பின் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் கொட்ட வேண்டும். இரண்டும் குழம்பாமல் இருக்க இரு நிற அட்டை மாட்டும் யோசனை அவர்களுடையது. பயனர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஊசி போட்ட நேரத்தை அட்டையில் எழுதாமல் கூண்டை அனுப்பாதீர்கள்.

நன்றியுடன்,
இமேஜிங் கூடக் குழுவினர்