வாட்ச் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. முழங்கால் வலி விட்டு மறுபடி நீந்தத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மகளுடன் துடுப்புப் படகில் போகப்போகும் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

நீ பார்த்து வைத்திருக்கும் வாட்சில் தண்ணீர் தாங்கும் அளவு 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது, அது போதாதா என்கிறாய். என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டே தினமும் வெந்நீரில் குளித்தேன், சோப்பும் போட்டேன். இரண்டாம் வருஷம் பேட்டரி மாற்றினேன். அடுத்த வாரம் குளத்தில் நீந்திவிட்டு ஏறினால் கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தது. மறுநாள் முள் நின்றுவிட்டது. அப்பா கொடுத்த வாட்ச் அது. இன்னும் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது.

அந்த மீட்டர் கணக்கு நாம் இறங்கக்கூடிய ஆழம் இல்லை, செல்வம். புது வாட்சை அசையாமல் வைத்து அழுத்தம் கொடுத்துச் சோதித்த அளவு. 30 மீட்டர் என்றால் மழைக்கும் கை கழுவவும்தான். 50 என்றால் கொஞ்ச நேரம் அமைதியாக நீந்தலாம். படகு கவிழ்ந்து விழுவது, அலையில் புரள்வது எல்லாம் உண்டு என்றால் 100க்குக் குறையாமல் வாங்கு. 200 கிடைத்தால் இன்னும் நல்லது. சிலிண்டர் கட்டிக்கொண்டு முக்குளிப்பவர்களுக்கு மட்டும் ஐஎஸ்ஓ 6425 என்று தனித் தரம் இருக்கிறது. உனக்கு அது தேவைப்படாது.

தண்ணீரை வெளியே நிறுத்துவது பின்மூடியிலும் பொத்தான்களிலும் இருக்கும் சின்ன ரப்பர் வளையங்கள். வெந்நீரும் சோப்பும் அவற்றைக் கெடுக்கும், வருஷங்கள் போனால் தாமாகவே இறுகிப்போகும். அதனால் பின்மூடியைத் திறந்தால் வளையத்தை மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்து தரச் சொல். நான் கேட்காமல் விட்டது அதைத்தான். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தாதே. கடலில் இறங்கினால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடு.

அடி தாங்குவதற்கு என்றால் கேசியோ கம்பெனியின் ஜி-ஷாக் வாட்ச் பக்கமே என் மனம் போகிறது. அதை உருவாக்கிய கிகுவோ இபேவுக்கும் அவருடைய அப்பா ஒரு வாட்ச் கொடுத்திருந்தார். அது கீழே விழுந்து சிதறியதில்தான் எல்லாம் தொடங்கியது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது, 10 பார் (வாட்சில் 100 மீட்டர் என்று போடும் அளவு) தண்ணீர் அழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 வருஷம் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மாதிரிகளை ஜன்னலிலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு குழந்தை பந்து தட்டுவதைப் பார்த்தபோது வழி தெரிந்தது: பந்துக்குள் மிதப்பதுபோல் இயந்திரத்தை உள்ளே நிறுத்த வேண்டும். 1983இல் வாட்ச் வெளிவந்தது. இந்தக் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜிபிஎஸ் வேண்டுமா என்று கேட்டாய். நீ வழி பதிவு செய்யப் போவதில்லை என்றால் வேண்டாம், சார்ஜ் போடும் கவலை மிச்சம். வெயிலில் சார்ஜ் ஆகும் சோலார் வகை உனக்குப் பொருந்தும். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருவது கடையில் அழகாகத் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் அதைப் படிக்க நம் கண்ணுக்குக் கஷ்டம். அப்புறம் தோல் பட்டை வேண்டவே வேண்டாம், ஊறினால் நாறும்.

மகளுக்கும் ஒன்று வாங்கு. திரும்பும் நேரத்தை இருவரும் பார்த்துக்கொண்டால் இருட்டுவதற்குள் கரை சேர்ந்துவிடலாம்.

என் முதுகு இப்போது பரவாயில்லை. படகில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்குமா என்று எழுது.

அன்புடன்,
ரவி