மின்கட்டணம் அல்ல, மூலதனம்

ஆசிரியருக்கு,

தரையிலிருந்து பாய்ச்சும் லேசர் ஒளியின் ஆற்றலால் விண்கலம் ஏவுவதைப் பற்றிய பேச்சில் ஒரு கணக்கு தவறாமல் வருகிறது. ஒரு கிலோ எடையைத் தாழ் சுற்றுப்பாதையில் விட 34 மெகாஜூல் போதும். அதாவது 9 யூனிட் மின்சாரம், நூறு ரூபாய்கூட ஆகாது என்கிறார்கள். இயற்பியல் சரிதான். செலவு இருப்பது வேறு இடத்தில்.

2000 அக்டோபரில் அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் சோதனைத்தளத்தில் பொறியாளர் லீக் மிராபோவின் குழுவினர் 10 கிலோவாட் லேசரால் ஒரு குட்டிக் கலத்தை 71 மீட்டர் உயரம் எழுப்பினார்கள். அதன் விட்டம் 12 சென்டிமீட்டர், எடை சுமார் 50 கிராம். அவ்வளவு சிறியதைத் தூக்கவே 10 கிலோவாட் பிடித்தது. சுற்றுப்பாதைவரை போக, சரக்கின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு மெகாவாட் லேசர் வேண்டும்.

அமெரிக்க இயற்பியலாளர் ஜோர்டின் கேர் முன்வைத்த வடிவமே நடைமுறைக்கு நெருக்கமானது. கலத்தின் பக்கவாட்டில் ஒரு வெப்பப் பரிமாற்றத் தகடு. அதில் லேசர் பட்டு, உள்ளே ஓடும் திரவ ஹைட்ரஜன் 1000 டிகிரி செல்சியஸ்வரை சூடாகிப் பீறிடும். உந்துவிசைத் திறன், அதாவது ஒரு கிலோ எரிபொருள் ஒரு கிலோ எடைக்குச் சமமான உந்துவிசையை எவ்வளவு நேரம் தரும் என்ற அளவு, 600 வினாடி. எரித்து இயங்கும் ஹைட்ரஜன் எஞ்சினுக்கு அது 450தான். ஆகவே ஒரு டன் கலத்தில் சுமார் 780 கிலோ ஹைட்ரஜன், 100 கிலோ சரக்கு. தொட்டி, தகடு, குழாய் எல்லாம் மீதி 120 கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஹைட்ரஜனின் அடர்த்தி மிகக் குறைவு. தொட்டி மட்டுமே 11 கன மீட்டர் வரும். இடறுவது இங்கேதான்.

இதற்கு 100 மெகாவாட் லேசரைப் பத்து நிமிடம் இயக்க வேண்டும். லேசர் வாங்கும் மின்சாரத்தில் 40 விழுக்காடுதான் ஒளியாகும் என்றால் 42,000 யூனிட் செலவாகும். கிலோவுக்கு 9 அல்ல, 420 யூனிட். அதையும் தாங்கலாம், மூவாயிரம் ரூபாய்தான். லேசரின் விலை வாட்டுக்கு 10 டாலர் என்று வைத்தால் நிலையத்துக்கு 100 கோடி டாலர். அதில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டைத் தேய்மானச் செலவாகக் கணக்கிட்டால் 10 கோடி. வருடம் பத்து முறை ஏவினால் கிலோவுக்கு ஒரு லட்சம் டாலர். 3000 முறை ஏவினால் 333 டாலர். ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 ராக்கெட் இன்று கிலோவுக்கு வசூலிக்கும் சுமார் 3000 டாலரைத் தொடவே நாளுக்கு ஒன்று வீதம் ஏவியாக வேண்டும். நூறு கிலோ பொட்டலங்களாக அத்தனை சரக்கை யார் தருவார்?

வானமும் ஒத்துழைக்க வேண்டும். மேகம் வந்தால் ஏவுதல் இல்லை. ஈரக்காற்று லேசரை உறிஞ்சிச் சூடானால், அந்தக் காற்றே குழிந்த லென்ஸ் போலக் கதிரை விரித்துவிடும். அதனால்தான் உயரமான வறண்ட மலையும், ஒரே பெரிய லேசருக்குப் பதிலாகத் தனித்தனிக் கண்ணாடி கொண்ட நூற்றுக்கணக்கான சிறு லேசர்களும் தேவை. சில பழுதானாலும் ஏவுதல் நிற்காது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. நிலநடுக்கோட்டுக்குச் சாய்வாகச் சுற்றும் ஒரு விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதை ஏவுதளத்துக்கு மேலே நாளுக்கு இரண்டு முறைதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் சரக்கு அனுப்ப நிலையம் நிலநடுக்கோட்டுப் பாதையில் சுற்ற வேண்டும், ஏவுதளமும் நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும். அங்கே உள்ள மலைகளிலோ மேகம் அதிகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்