கைக்குழந்தையும் தொடுதிரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் குழந்தை சோறுண்ண வாய் திறக்கும் என்ற நிலை இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இதைக் கண்டிப்பவர்கள் எத்தனை நிமிடம் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். குழந்தைக்கு எதிரே பதில் பேச ஓர் ஆள் இருக்கிறாரா என்பதை அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் அறிவுறுத்தியது. சுவீடனின் பொது சுகாதார அமைப்பும், நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 வயது வரை திரையைத் தவிர்க்கச் சொல்கின்றன. தைவான் ஒருபடி மேலே போய், 2015இல் சட்டத்தையே திருத்தி, பிள்ளைகளை அளவுமீறித் திரையில் விடும் பெற்றோருக்கு 50,000 தைவான் டாலர் வரை அபராதம் விதித்தது. வீட்டுக் கூடத்துக்குள் எந்த அதிகாரி வந்து பார்ப்பார் என்பது வேறு கதை.

இவ்வளவு கண்டிப்பிலும் ஒரு விலக்கு உண்டு. 18 மாதம் வரை திரையைத் தவிர்க்கச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், உறவினரோடு பேசும் காணொளி அழைப்பை மட்டும் 2016இல் அனுமதித்தது. அதே கண்ணாடித் திரைதான் என்றாலும், அதில் தெரியும் தாத்தா குழந்தையின் சிரிப்புக்குத் தானும் சிரிக்கிறார். பேராசிரியர் பாட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. சீன மொழி பேசுவோருடன் நேரில் பழகிய 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை, அதே அளவு நேரம், பதிவுசெய்த படத்தில் மட்டும் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. ஜப்பானின் மியாகி, இவாதே பகுதிகளில் 7,097 தாய்-சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான ஆய்வு, ஒரு வயதில் திரை நேரம் கூடியிருந்த குழந்தைகளிடம் 2, 4 வயதுகளில் பேச்சுத் தொடர்பில் பின்னடைவு அதிகம் எனக் கண்டது. இது இரண்டும் சேர்ந்து காணப்படுவதைத்தான் காட்டுகிறதே தவிர, திரைதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை.

தொலைக்காட்சியைவிடத் தொடுதிரை இன்னும் சிக்கலானது. விரல் பட்டவுடன் படம் மாறுவதால் அது தனக்குப் பதில் சொல்வதாகவே குழந்தைக்குத் தோன்றக்கூடும். ஆனால் குழந்தையின் மழலைக்கு அந்தத் திரை காது கொடுப்பதில்லை, ஒன்று முடிந்தால் அடுத்த படத்தைத் தானே ஓட்டுகிறது.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, அடுப்பையும் பேரனையும் ஒருசேரக் கவனிக்கும் பாட்டி கைப்பேசியைக் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வயதுவாரி அட்டவணையை நீட்டுவதால் பயனும் இல்லை. சோறூட்டும் வேளையிலாவது கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுக் காக்கையையோ தெருவில் போகும் மாட்டையோ காட்டிப் பேசுங்கள் என்ற ஒன்றை மட்டும் சொல்லலாம். உணவு வேளையில் திரை வேண்டாம் என்று சிங்கப்பூர் அரசும் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடும் நாள்களிலும் அங்கன்வாடிகளிலும், தாய்மாரிடம் மட்டுமன்றிக் குழந்தையைத் தூக்கி வரும் தாத்தா பாட்டியரிடமும் இதை நேரில் எடுத்துச் சொல்லச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.