கடல்நீர் மீன்தொட்டியை இடம் மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம். வீட்டில் தரை வேலை நடப்பதால், பல ஆண்டுகளாக நிலைபெற்ற என் கடல்நீர் மீன்தொட்டியைத் தற்காலிகமாக வேறு அறைக்கு மாற்றினேன். பழைய தண்ணீரைக் காப்பாற்றினால் போதும் என்றே பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுப் பொருளான அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் பாறைகளிலும் வடிகட்டியிலும்தான் ஒட்டி வாழ்கிறது. அதனால் பாறைகளைக் காயவிடாமல் கடல்நீரில் மூழ்கவைத்து, நீரோட்டமும் 25 டிகிரி வெப்பமும் கொடுத்தேன்.

அடிமணல்தான் பெரிய ஆபத்து. ஆழமான பழைய மணலைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வெளியேறி மீன்களையே கொன்றுவிடலாம். அதைக் கழுவாமல் திரும்பக் கொட்டாதீர்கள். அப்புறம், தொட்டியைத் தண்ணீரோடு தூக்கவே வேண்டாம், கண்ணாடிகளை இணைக்கும் ஒட்டு விட்டுவிடலாம். மீன்களைத் திரும்ப விட்ட பிறகும் தீனியைக் குறைத்து, அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள். விற்பனையாளர்கள் இதையெல்லாம் தொட்டி விற்கும்போதே சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்