இருக்கிற ஊர்ல நமக்கும் ஓட்டு இருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்கள் ஊர்த் தேர்தல்ல ஓட்டு போடுறது பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். ஃபார்ம் 6ஏ குடுத்து பேரை சேர்த்தாலும் டிக்கெட் எடுத்து நேர்ல வந்து நம்ம பூத்துலதான் போடணும், தபால் ஓட்டு கிடையாதுன்னு எழுதியிருந்தீங்க, எல்லாம் சரி. ஆனா நாங்க குடியிருக்கிற நாட்டுலயே எங்களுக்கு ஒரு ஓட்டு இருக்கே, அத பத்தி ஒரு வரிகூட இல்ல, அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன்.

நான் அயர்லாந்து தலைநகர் டப்ளின்ல நர்ஸா இருக்கேன். 2019 மே மாசம், நல்ல மழை, ஒரு வயசான அம்மா கையில நோட்டீஸோட எங்க வீட்டு பெல்ல அடிச்சாங்க. கவுன்சில் தேர்தலுக்கு, அதாவது உள்ளாட்சித் தேர்தலுக்கு, ஓட்டு கேட்டு வந்திருக்காங்க. நான் பாதி கதவைத் திறந்து "நாங்க இந்தியாக்காரங்க, எங்களுக்கு ஓட்டு இல்ல"ன்னு சொல்லி மூடப்போனேன். அந்தம்மா நகரல, "இங்கதானே குடியிருக்கீங்க, அப்ப உங்களுக்கும் ஓட்டு இருக்கு"ன்னாங்க. எனக்கு நம்பிக்கையே வரல. உள்ள வந்து தேடிப் பார்த்தா அவங்க சொன்னது அப்படியே உண்மை, ஆனா அதுக்குள்ள பேர் சேர்க்கிற தேதி தாண்டிப்போச்சு. இத்தனை நாள் இந்த ஊர்ல வேலை பார்த்து வரியும் கட்டிட்டு இது தெரியாமயே இருந்திருக்கோமேன்னு அன்னைக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

அயர்லாந்துல உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டு போட அந்த நாட்டு குடியுரிமை வேணாம், 18 வயசு முடிஞ்சு அங்க குடியிருந்தா போதும். 1963ல இருந்தே இப்படித்தான், 1974ல இருந்து வெளிநாட்டுக்காரங்க வேட்பாளரா நிக்கவும் செய்யலாம். பார்லிமெண்ட், ஜனாதிபதி, ஐரோப்பிய தேர்தல் எதுலயும் நமக்கு ஓட்டு கிடையாது, உள்ளாட்சி மட்டும்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கினா இந்திய பாஸ்போர்ட்ட விடணும், அதுக்கு மனசு வராம பத்து வருஷம் பதினஞ்சு வருஷம் இந்திய பாஸ்போர்ட்டோடயே இருக்கிறவங்க எங்கள்ல நிறைய பேர். அவங்களுக்கெல்லாம் இங்க கையில இருக்கிறது இந்த ஒரே ஒரு ஓட்டுதான், அதையும் போடாம விடுறோம்.

பேர் சேர்க்கிறதும் பெரிய வேலை இல்ல, பிபிஎஸ் நம்பர் (இங்க அரசு ஆளாளுக்குக் குடுக்கிற அடையாள எண்), பிறந்த தேதி, வீட்டு ஏர்கோடு (இங்கத்த பின்கோடு) இருந்தா ஆன்லைன்ல பத்து நிமிஷம். என் கூட வேலை பார்க்கிற ஒரு தங்கச்சிகிட்ட சொன்னப்ப, "அக்கா, ஓட்டு போட்டா நாளைக்கு சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன்ல ஏதும் சிக்கல் வருமா"ன்னு பயந்து கேட்டா. சட்டமே குடுத்த ஓட்டுக்கு என்ன சிக்கல் வரப்போகுது, தஞ்சம் கேட்டு வந்து கேஸ் முடியாம இருக்கிறவங்களுக்குக்கூட இங்க உள்ளாட்சி ஓட்டு இருக்கு.

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை, நைட் டியூட்டி முடிச்சு நேரா பூத்துக்குப் போனேன். காலைல 7 மணில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் ஓட்டு. ஒரு சின்னப் பசங்க ஸ்கூல், சுவத்துல பிள்ளைங்க வரைஞ்ச படம், ஓரத்துல குட்டிக் குட்டி நாற்காலி அடுக்கி வச்சிருக்கு. லிஸ்ட்ல என் பேருக்குப் பக்கத்துல எல் எழுத்து, அப்படின்னா உள்ளாட்சிக்கு மட்டும், அதனால அன்னைக்கே நடந்த ஐரோப்பிய தேர்தலோட சீட்டு எனக்குத் தரல, ஒரே ஒரு சீட்டுல முத்திரை குத்தி நீட்டினாங்க. வேட்பாளர் போட்டோவெல்லாம் அதுலயே இருக்கு. பட்டனும் இல்ல, விரல்ல மையும் இல்ல, கயித்துல கட்டித் தொங்கவிட்ட பென்சில். புடிச்சவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3ன்னு எத்தன பேருக்கு வேணுமோ அத்தன பேருக்கு நம்பர் போடலாம், நம்ம முதல் ஆள் தோத்துட்டா ஓட்டு அடுத்த நம்பருக்குப் போகும், எண்ணி முடிக்க நாள் கணக்கா ஆகும். கையில பென்சில புடிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, கடைசியா ஊர்ல ஓட்டு போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு.

யாருக்கு 1 போட்டேன்னு பேர் சொல்லல, ஏன் போட்டேன்னு சொல்றேன். எங்க குடியிருப்புல இருந்து ஸ்கூலுக்குப் போற வழில ஒரு வளைவு, அங்க ரோட்டைக் கடக்க கிராசிங் இல்ல, தினமும் பையன் கையப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் பார்த்து ஓடணும். ஓட்டு கேட்டு வந்த மூணு பேர்கிட்டயும் இதத்தான் கேட்டேன். ரெண்டு பேர் பார்க்கிறோம்னாங்க, ஒருத்தர் மட்டும் மறுநாள் காலைல எட்டரைக்கு வந்து அந்த வளைவுல எங்களோட நின்னு பார்த்தாரு. ரோடு, பார்க், லைப்ரரி, கவுன்சில் வாடகைக்குக் குடுக்கிற வீடு, புதுசா வீடு கட்ட அனுமதி, இதெல்லாம் கவுன்சில் கையில இருக்கிற விஷயம். வாட்ஸ்அப் குரூப்ல வாடகை பத்தி, லைப்ரரில தமிழ் புக் இல்லாதது பத்தி நாள் பூரா புலம்புறோம், கேட்க வேண்டியவங்ககிட்ட போய்க் கேக்குறதில்ல.

நைஜீரியாவுல இருந்து 2000ல தஞ்சம் கேட்டு வந்த ரோட்டிமி அடெபாரி 2004ல போர்ட்லீஷ் டவுன் கவுன்சிலுக்கு ஜெயிச்சு 2007ல மேயரே ஆனாரு. நம்ம பக்கத்து கேரளாக்காரர் பேபி பெரேப்பாடன் 2024ல சவுத் டப்ளின் கவுண்டிக்கு மேயர் ஆனாரு. நாடு பூரா 31 கவுன்சில், 949 கவுன்சிலர் இடம், நம்மாளுங்க முதல்ல லிஸ்ட்லயாவது ஏறணும்ல.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். எந்தெந்த நாட்டுல குடியுரிமை இல்லாதவங்களுக்கு உள்ளாட்சி ஓட்டு இருக்கு, எத்தன வருஷம் குடியிருக்கணும்னு ஒரு பக்கம் போடுங்க. நார்வேல மூணு வருஷம் தொடர்ந்து குடியிருந்தா உண்டு, நியூசிலாந்துலயும் பிஆர் (நிரந்தரமா குடியிருக்கிற அனுமதி) வச்சிருக்கிறவங்களுக்கு இருக்கு. இங்க அடுத்த கவுன்சில் தேர்தல் 2029ல. எங்க தமிழ்ச் சங்க பொங்கல் விழாவுல சாப்பாட்டு வரிசை பக்கத்துல ஒரு லேப்டாப் வச்சு பேர் சேர்த்துக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன், உங்க பக்கத்த அச்செடுத்து அந்த மேசைல ஒட்டிடுவேன்.

இப்படிக்கு,
டப்ளின்ல இருந்து உங்க வாசகி