உள்ளி மணம்

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

எல்லாரும் சுகம். நீ அனுப்பின காசில கூரை வேலை மழைக்கு முந்தி முடிஞ்சுது. மற்றதுகள் பிறகு.

கொரியாவில வேலை செய்யிற இடத்தில அமிலத் தொட்டி கழுவேக்க உள்ளி மணம் வந்தது, ஆரோ சாப்பாடு கொண்டு வந்திருப்பினம் எண்டு சிரிச்சாய். ஏ.எல். இரசாயனத்தில ஏ எடுத்த பிள்ளைக்கு நான் சொல்லோணுமே? அது ஆர்சின் எண்ட நச்சு வாயுவா இருக்கலாம். துத்தநாகத்திலயும் செம்புக் கசட்டிலயும் கொஞ்சம் ஆர்சனிக் கிடக்கும். அமிலம் பட்டு ஐதரசன் கிளம்பேக்க அதுவும் வாயுவா வரும். அலுமினியம் கலந்த கசடெண்டால் ஈரமே போதும். ஹோஸ் பிடிச்சுக் கழுவாதே.

மணம் 0.5 பிபிஎம் (காத்தில பத்து லட்சத்தில அரைப் பங்கு) அளவிலதான் மூக்குக்குத் தெரியும். அமெரிக்கச் சட்டம் 8 மணித்தியாலச் சராசரிக்கு விட்ட எல்லை 0.05. மணந்தாலே பத்து மடங்கு. காத்தை விடப் பாரம், தொட்டியின்ர அடியில கிடக்கும். கண் எரியாது, தொண்டை கரகரக்காது, அதுதான் பொல்லாப்பு. தூசு மாஸ்க் ஒண்டுக்கும் உதவாது. குழாயால காத்து வாற முகமூடி தராட்டி இறங்காதே. உள்ளுக்கு ஆரும் விழுந்தாலும் இறங்காதே. உன்ர இரக்க குணம் தெரிஞ்சுதான் ரெண்டு தரம் சொல்லுறன்.

2 தொடக்கம் 24 மணித்தியாலம் ஒண்டும் தெரியாமலும் இருக்கும். பிறகு தலையிடி, சத்தி, வயித்துக்குத்து. சலம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில போகும். செங்குருதிக் கலங்கள் உடைஞ்சு வாற நிறம் அது, சிறுநீரகத்தை அடைச்சுப்போடும். கண் மஞ்சளாகிறது அதுக்குப் பிறகு. செங்கண்மாரி எண்டு நினைச்சுக் கீழ்க்காய்நெல்லி தேடாதே. மணந்த அண்டைக்கே ஆசுபத்திரிக்குப் போகோணும், போன உடன "ஆர்சின்" எண்டு சொல்லோணும். சொல்லாட்டி கல்லோ ஈரலோ எண்டு ஸ்கான் எடுத்துக்கொண்டு இருப்பினம். இரத்தம் மாத்துறதும் டயலிசிசும்தான் வைத்தியம். ஆர்சனிக்குக்குப் போடுற ஊசி கலம் உடையிறதை நிப்பாட்டாது. கொரியன் எழுத்தில ஒரு துண்டு எழுதுவிச்சு பேர்சில வை.

பிறகு சலத்தில ஆர்சனிக் பாக்கிறதெண்டால் 3 நாளைக்கு முந்தியே நண்டு, இறால், மீன் நிப்பாட்டு. நான் குடுத்துவிட்ட நெத்தலிக் கருவாடும்தான். கடலுணவில இருக்கிற தீங்கில்லாத ஆர்சனிக்கும் சேந்து கணக்கைக் கூட்டிக் காட்டும். மீன் திண்டதால வந்தது எண்டு கொம்பனி தட்டிவிட இடம் வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து வொய்ஸ் மட்டும்தான் வருது. கமரா பழுதெண்டு தங்கச்சியிட்ட சொன்னியாம். ஓவர்டைம் காசு எங்களுக்கு வேண்டாம். தங்கச்சியின்ர போனுக்குப் பகல் வெளிச்சத்தில, கண் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்பு. ஆற்றையும் போன் வாங்கியெண்டாலும் இண்டைக்கே அனுப்பு.

அம்மா