காப்பகத்துக்கு ஏன் வர மறுக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்தால் தவறாமல் ஒரு செய்தி வரும்: 'நடைபாதையில் படுத்திருப்பவர்களைக் காப்பகத்துக்கு அழைத்தாலும் வர மறுக்கிறார்கள்.' மறுப்பது உண்மைதான். ஏன் என்று கேட்டு எழுதிய செய்தியைத்தான் காணோம்.

பாரிமுனை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தலைமுறைகளாகக் குடும்பத்தோடு நடைபாதையில் வாழ்பவர்கள் உண்டு. சென்னைக் காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி. குடும்பமாகத் தங்க இடமுள்ளவை மிகச் சில. கணவன் ஒரு கட்டடத்தில், கைக்குழந்தையோடு மனைவி இன்னொன்றில், பன்னிரண்டு வயது மகன் மூன்றாவதில் என்றால் யார்தான் வருவார்கள்?

அடுத்தது நேரம். பூக்கடை, மீன் ஏலம், லாரிச் சுமை என்று பிழைப்பவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். ஆறு மணிக்குத்தான் கதவு திறக்கும் என்றால் அன்றைய கூலி போச்சு. ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் காப்பகம் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. இரவில் கதவுக்கு ஒரு காவலாளி இருந்தால் போதும், இது நடக்கும்.

மூட்டை முடிச்சை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்வதும் தவறு. ஆதார், ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஒரே மஞ்சள் பையில்தான் இருக்கும். 'நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம்' என்று அந்தப் பையைக் குப்பை லாரியில் தூக்கிப் போட்டால் காசநோய் மாத்திரையும் அதோடு போய்விடும். வழக்கமான காசநோய்க்கே ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இடையில் நின்றால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது மாறக்கூடும். ஆளுக்கு ஒரு இரும்புப் பெட்டி கொடுங்கள், ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம் இருந்தால் போதும். பூட்டும் சாவியும் அவரவருடையதாக இருக்கட்டும். மீன்பாடி வண்டி நிறுத்த வாசலில் கொஞ்சம் இடமும் வேண்டும்.

மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி காப்பகத்தில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி. அதாவது 1,000 சதுர அடிக் கூடத்தில் 20 பேர். அங்கே நாற்பது பாய் விரித்தால் முதலில் வருவது சிரங்கு. அரிப்பவருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அன்றே போர்வைகளைக் கொதிநீரில் அலச வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் திரும்ப வரும். 'அங்கே போனால் சொறி வரும்' என்ற பேச்சு நடைபாதை முழுக்கப் பரவிவிடும்.

எண்ணிக்கைக்கு வருவோம். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்பது உச்ச நீதிமன்றக் கணக்கு. விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் 2011 மக்கள்தொகையை, சுமார் 67 லட்சத்தை, வைத்தாலே 67 வேண்டும். அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளின் உடனிருப்போர் தங்கும் காப்பகங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அவையும் தேவைதான், ஆனால் நடைபாதைக் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. கணக்கெடுப்பையும் பகலில் நடத்திப் பயனில்லை. இரவு பத்துக்கு மேல் போனால்தான் ஆட்கள் இருப்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை பிப்ரவரி 28 இரவில் எண்ணியதும் அதனால்தான்.

மனநலம் குன்றி அலைபவர்களை வேனில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுவது தீர்வல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100-இன்படி அவர்களைப் போலீசார் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. குணமான பிறகு வீடில்லை என்பதற்காக மட்டும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கவும் பிரிவு 19 இடம் தரவில்லை. அப்படி வெளியே வருபவருக்கு நீண்ட நாள் தங்கும் காப்பகம் தனியே வேண்டும்.

நகரின் தெற்கு விளிம்பிலுள்ள கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்தோமே என்பார்கள். அங்கிருந்து விடியற்காலை மூன்று மணிக்குப் பாரிமுனைக்கு வர எந்தப் பேருந்து இருக்கிறது என்பதையும் சொல்லட்டும். அடுத்த மழைக்குள் பாரிமுனையிலிருந்து நடக்கும் தூரத்தில், சும்மா கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றைத் தடுப்புகள் போட்ட குடும்பக் காப்பகமாக மாற்றித் திறக்க வேண்டும் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீடற்றோர் காப்பகப் பணியாளர்கள் சிலர்,
சென்னை